பதினோரு அடுப்பும் ஒரே கணக்கும்

வங்கியிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது தஸ்லிமா அக்கா அச்சு முறுக்கு டப்பாக்களில் முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் போனை என்னிடம் நீட்டினார். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, பணம் எடுக்கவோ அனுப்பவோ முடியாது, கிளையை அணுகவும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அவர் கையிலிருந்த சீட்டை ஒட்டி, ஓரத்தை நகத்தால் தேய்த்துவிட்டு, "அதுல வேதவதி மாமி காசு இருக்கே" என்றார்.

கணக்கில் அன்று இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரம் ரூபாய் இருந்தது. அதில் அக்காவுடையது முப்பதாயிரம் இருக்கலாம் என்று அவரும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். மீதியெல்லாம் பதினேழு பேருடையது. அந்தப் பதினேழு பேரில் ஒருவருக்கும் அது அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட நாங்கள் கொடுத்ததில்லை.

தஸ்லிமா அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. வீடு பாலக்கரையில். படிப்பு பிளஸ் டூ. கணவர் கலீம் வெளிநாட்டில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். கொரோனா ஊரடங்கில், கூடப் படித்த பொன்மலை லிசி கேக் செய்து விற்க ஆளில்லாமல் தவித்தபோது, அதன் படத்தை அக்கா தன் வாட்ஸ்அப்பில் போட்டார். ஒரே நாளில் ஒன்பது கேக் போனது. லிசியைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். அதனால்தான் எங்கள் இணையதளத்துக்குப் பெயர் 'பதினோரு அடுப்பு'. பிறகு பதினேழு பேரான போதும் அக்கா பெயரை மாற்றவில்லை. போர்டு எழுதினால் எழுதினதுதான் என்பார்.

அந்த இணையதளத்தைச் செய்தவன் நான். உப்பிலியபுரம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன். கணினி அறிவியல் முடித்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கல்லூரி நண்பன் மூலம் இந்த வேலை வந்தது. மாதம் எட்டாயிரம். வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்றுதான் வந்தேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

பணம் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்ததும் நான்தான். வாங்குகிறவர் இணையதளத்தில் கட்டும் பணம் முழுக்க அக்காவின் சேமிப்புக் கணக்குக்கு வரும். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா நூற்றுக்குப் பன்னிரண்டு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவரவருக்குக் கொடுப்பார். சிலருக்குப் போனில் அனுப்புவார், சிலருக்குக் கையில் கொடுப்பார். பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் படிவத்தில் இன்னொரு வழியும் இருந்தது. ஒவ்வொரு விற்பனையாளரின் வங்கிக் கணக்கையும் பதிவு செய்துவிட்டால், ஆர்டர் விழும்போதே பணம் பிரிந்து விற்பனையாளர் பங்கு அவர் கணக்குக்கும் கமிஷன் கடைக்காரர் கணக்குக்கும் போய்விடும். அதற்கு ஒவ்வொருவரிடமும் பான் கார்டு, பாஸ்புக் நகல், ஒப்புதல் எல்லாம் வாங்க வேண்டும். ஒரு மாத வேலை. "அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டேன். அக்காவுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே சரியாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமைக் கணக்கில் நாளடைவில் ஒரு பழக்கம் நுழைந்தது. "இந்த வாரம் வேணாம், நீங்களே வச்சிருங்க" என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்றார். ஒருவர் நோன்புப் பெருநாளுக்கு என்றார். காரணம் சொல்லாதவர்களும் உண்டு. வீட்டுக்குப் போனால் காசு கரைந்துவிடும், தஸ்லிமாவிடம் இருந்தால் இருக்கும். அக்காவுக்கு அதில் பெருமைதான். யாருக்கு எவ்வளவு என்பது ஒரு நோட்டிலும் பாதி மனசிலும் இருந்தது.

அதிகம் சேர்த்து வைத்திருந்தவர் ஸ்ரீரங்கம் வேதவதி மாமி. பதினான்கு மாதத்தில் அறுபத்திரண்டாயிரம். உத்தர வீதியில் கணவர், மகன், மருமகள், பேரனோடு இருக்கிறார். அவருடைய பருப்புப் பொடிக்கும், சாத்தமுதுப் பொடி என்று அவர் சொல்லும் ரசப் பொடிக்கும் எங்களிடம் முதல் இடம். ஆனால் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை ஆகும் அடுக்களையில் வியாபாரத்துக்கு வறுக்க முடியாது. காலைத் தளிகைக்கும் மாலைக்கும் நடுவில் பின்கட்டில் ஓர் அடுப்பை மூட்டி வறுப்பார். மிளகாய் வறுத்தால் பேரன் இருமுவான், அடுப்பை அணைக்க வேண்டியதுதான். கீழச் சித்திரை வீதிப் பக்கம் ஒரு சந்தில் தரைத்தளத்தில் ஓர் அறையும் அடுக்களையுமாகப் பார்த்து வைத்திருந்தார். அட்வான்ஸ் அறுபதாயிரம். வைகாசி முடிவதற்குள் கொடுத்துப் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் அவர்கள் குடி போக மாட்டார்கள். ஆவணி வரை காத்திருக்க வீட்டுக்காரர் தயாராக இல்லை. கணக்கு முடங்கிய அன்று வைகாசி பதிமூன்று.

அன்று மத்தியானமே கிளைக்குப் போனோம். வேறொரு மாநிலத்து சைபர் போலீஸ் சொன்னதால் நிறுத்தியிருக்கிறோம் என்றார் அதிகாரி. எங்களிடம் அறுநூற்று நாற்பது ரூபாய்க்குப் பொடியும் சிப்ஸும் வாங்கிய யாரோ ஒருவருடைய கணக்கில், யாரையோ ஏமாற்றி எடுத்த பணம் இருந்திருக்கிறது. அதிலிருந்து எங்களுக்கு வந்த அறுநூற்று நாற்பதுக்காக மொத்தக் கணக்கும் நின்றுவிட்டது. அது சரக்குக்கு வந்த பணம் என்று காட்டினால் விடுவிக்க எழுதலாம் என்றார். பிறகு திரையைப் பார்த்தபடியே, இவ்வளவும் உங்கள் வருமானமா என்று கேட்டார்.

"இல்ல சார். மத்தவங்களோடது."

"யாரோடது, எவ்வளவுன்னு காட்ட முடியுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். எழுதிக் கொண்டுவருகிறோம் சார் என்றேன்.

மூன்று நாள் உட்கார்ந்து, இணையதளத்தின் ஆர்டர்களையும் அக்காவின் நோட்டையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் சேர்த்து ஒவ்வொருவர் பங்கையும் எழுதினோம். மொத்தம் கூட்டியபோது இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம் வந்தது. கணக்கில் இருந்ததைவிட ஒன்பதாயிரம் அதிகம். மறுபடி கூட்டினேன். அதே தொகைதான் வந்தது. அக்காவின் பங்கு முப்பதாயிரம் அல்ல, ஒன்றுமே இல்லை. கொரியர் பில், டப்பா, டேப், என் சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் போயிருந்தது. கணக்கில் எப்போதும் காசு தெரிந்ததால் கடை லாபத்தில் ஓடுகிறது என்று நினைத்தோம். அது வேதவதி மாமியின் அறை அட்வான்ஸிலும் மற்றவர்கள் சேர்த்த காசிலும் ஓடிக்கொண்டிருந்தது. என் எட்டாயிரத்தில் யாருடைய பள்ளிக் கட்டணம் இருந்தது என்று அன்று யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

அக்கா தாளை வாங்கித் தானே ஒரு முறை கூட்டிப் பார்த்தார். "போலீஸ் நிறுத்தாட்டி இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது தம்பி" என்றார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, பதினேழு பேர் வீட்டுக்கும் நேரில் போக வேண்டும், போனில் சொல்லக் கூடாது என்றார்.

என் வண்டியில் நான்கு நாள் சுற்றினோம். ஒவ்வொரு வீட்டிலும் அக்கா அதே வார்த்தைகளில் சொன்னார்: கணக்கு நின்றுவிட்டது, உங்களுக்குத் தர வேண்டியது இவ்வளவு, இதோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதாயிரம் குறைந்ததையும் மறைக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் பொன்மலைக்குப் போகும் வழியில் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வீட்டிலும் அதைச் சொன்னார். பெரும்பாலானவர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். லிசி அழுதுவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

ஜீயபுரத்தில் வாழைக்காய் சிப்ஸ் போடும் நல்லுசாமி அண்ணன் மட்டும் உட்காரச் சொல்லவில்லை. எட்டாயிரத்து நானூறு அவருக்கு வர வேண்டும். எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராமலே பேசினார்.

"காந்தி மார்க்கெட் மண்டிக்காரங்ககூடக் காய இறக்கினதும் ஒரு சீட்டு குடுப்பாங்க. நீங்க சிரிச்சுக்கிட்டே வாங்கிப் போட்டுக்கிட்டீங்க."

அக்கா தலையாட்டினார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. என் அப்பா சின்னையன் கத்தரிக்காய் மூட்டையோடு அதே மார்க்கெட்டுக்கு வருகிறவர். மண்டிக்காரர் விற்று, கமிஷன் பிடித்து, மீதியைத் தரும் வரை கல்லாவுக்கு எதிரே நிற்பார். சிறு வயதில் நானும் கூட நின்றிருக்கிறேன். காசு ஏன் முதலில் அவரிடம் போகிறது, ஏன் நேராக நமக்கு வரவில்லை என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். படித்து முடித்ததும் நான் கட்டியது சீட்டுகூடக் கொடுக்காத ஒரு மண்டி.

நல்லுசாமி அண்ணனுக்கு மறுநாளே அக்கா வீட்டுச் செலவுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வேதவதி மாமியை வீட்டில் பார்க்க முடியாது. அந்தப் பணம் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை வாசலில், காய்கறிப் பையோடு வந்து நின்றார். வெளியில் ஒன்றும் குடிக்க மாட்டார். அக்கா எல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது இதுதான்:

"நான் உன்னை ரசீது கேட்டேனா? நம்பித்தானே குடுத்தேன்?"

"நீங்க கேக்காதது உங்க நம்பிக்கை மாமி. நான் குடுக்காதது என் தப்பு. அமானிதத்த என் காசோட கலந்து வச்சேன். எங்கள்ல அது பெரிய தப்பு."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதைத் தனியே வைத்து, கேட்டபோது அப்படியே திருப்ப வேண்டும். மாமிக்கு அந்தச் சொல் புதிது, ஆனால் விளக்கம் கேட்கவில்லை. வைகாசி முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று விரலில் எண்ணினார். அதற்குள் உங்கள் பணம் வரும் என்று அக்கா சொன்னார். எங்கிருந்து என்று எனக்கும் தெரியாது.

அன்று கலீம் அண்ணனிடம் அக்கா பேசியதைக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஊர் முழுக்க உங்கிட்ட ஏன் காசக் குடுத்து வைக்கணும்? நீ என்ன பேங்கா நடத்துற?"

"அப்படித்தான் நடத்தியிருக்கேன். தெரியாம."

எவ்வளவு வேண்டும் என்று அண்ணன் கேட்டார். ஆகஸ்டில் விடுமுறைக்கு வர எடுத்து வைத்திருந்த காசை, வீட்டுச் செலவுக்கென்று இருந்த வேறொரு கணக்குக்கு அனுப்பினார். அந்த ஆகஸ்டில் அவர் வரவில்லை.

பணம் வந்ததும் அக்காவுக்கு ஒரு யோசனை. இனி எல்லாருக்கும் ஆர்டர் விழும்போதே பணம் பிரிந்துபோகும் ஏற்பாடுதான் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். மாமிக்குச் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு உண்டு. ஆனால் அதில் பதிந்திருப்பது மகன் ஹயக்ரீவனின் போன் எண். ஒரு ரூபாய் வந்தாலும் செய்தி அவருக்குப் போகும். ஏடிஎம் கார்டு கணவரின் அலமாரியில் இருந்தது. இருவரும் நல்லவர்கள். கேட்டால் கொடுப்பார்கள். கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் மாமியின் குறை. எண்ணை மாற்றிவிட்டு வாங்க, அந்தக் கணக்கிலேயே அறுபத்திரண்டாயிரத்தைப் போடுகிறேன், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா போனில் சொன்னார்.

"என் காசுக்கு நீ கண்டிஷன் போடறியா?" என்று கேட்டு மாமி போனை வைத்துவிட்டார்.

வைகாசி முடிய ஐந்து நாள் இருந்தது. அக்கா மேல் எனக்கு மரியாதை உண்டு, எதிர்த்துப் பேசியதில்லை. அதுவும் தப்பைச் செய்தவன் நான். ஆனாலும், அது அவர் காசு, எப்படி வாங்கிக்கொள்வது என்று சொல்ல நாம் யார் என்று கேட்டேன். அவருக்கு நல்லது செய்யத்தானே சொல்கிறேன் என்றார் அக்கா. அவர் வீட்டிலும் அப்படித்தானே சொல்லுவார்கள் என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. "ரொம்பப் படிச்சவன் மாதிரிப் பேசாத" என்று சொல்லிவிட்டுப் பார்சல்களைத் தானே தூக்கிக்கொண்டு கொரியருக்குப் போனார்.

மறுநாள் காலை, ஏடிஎம் வாசலில் நிற்கிறேன், வண்டியோடு வா என்று அக்காவிடமிருந்து போன் வந்தது. அதே ஜூஸ் கடைக்குப் போனோம். உறையைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் மாமியிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுத்தார்.

"இது உங்க காசு மாமி. இதுல நான் பேச ஒண்ணும் இல்ல. நேத்துப் பேசினது தப்பு. ஆனா கடை என்னோடது. இனிமே அதுல யார் காசும் என் கைக்கு வந்துட்டுப் போகாது. உங்க பொடி வேணும்னா உங்க கணக்கு வேணும்."

"அப்போ என் பொடி வேண்டாம்ங்கறே."

"வேணும்ங்கறேன். இப்படி வேணும்ங்கறேன்."

மாமி உறையைக் காய்கறிக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வைகாசி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த அறையில் பால் காய்ச்சினார் என்று லிசி மூலம் கேள்விப்பட்டோம். எங்களைக் கூப்பிடவில்லை.

இணையதளத்தில் மாமியின் பொடிகளுக்குக் கீழே 'இப்போது இல்லை' என்று போட்டேன். எங்கள் விற்பனையில் நான்கில் ஒரு பங்கு அது. அக்கா அந்த வார்த்தையைத் தினமும் பார்த்தார், மாற்றச் சொல்லவில்லை.

நான் தாண்டிப் போன அந்த ஒரு மாத வேலையை ஐந்து வாரத்தில் செய்தேன். பான் கார்டில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறொரு இனிஷியல் என்று ஆறு பேருக்கு விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு பேருக்குக் கணக்கே இல்லை, திறக்க வைத்தோம். மூன்று பேர் இந்தத் தொந்தரவு வேண்டாம் என்று விலகினார்கள். பணத்தைப் பிரிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரே ஆர்டரில் லிசியின் கேக்கும் நல்லுசாமி அண்ணனின் சிப்ஸும் இருந்தால் யாருக்கு எவ்வளவு, கொரியர் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று ஒரு முறை எழுதிவிட்டால் போதும். வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் யார் பங்கிலிருந்து கொடுப்பது என்பதில்தான் சண்டை. வழியில் உடைந்ததுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று லிசி பிடிவாதமாக நின்றார். கடைசியில் உடைந்தால் அக்காவின் பங்கு, கெட்டுப்போனால் செய்தவரின் பங்கு என்று முடிவானது. பன்னிரண்டில் கடை ஓடாது என்பதையும் அக்கா வெளிப்படையாகச் சொல்லி, கமிஷனைப் பதினைந்தாக்கினார். நல்லுசாமி அண்ணன் பதினான்கு என்று பேரம் பேசிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு ஆர்டருக்கும் பிரித்த விவரம் அவரவர் போனுக்கே போகும்படி செய்தேன். நல்லுசாமி அண்ணன் அதைப் படிப்பதாகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் ஏழு ரூபாய் வித்தியாசத்துக்குப் போன் செய்தார்.

வங்கியில் நாங்கள் கொடுத்த பில்லும் கொரியர் ரசீதும் அந்த சைபர் போலீஸுக்குப் போய்ச் சேர்ந்து, ஆனி பாதியில் கணக்கு திறந்தது. அறுநூற்று நாற்பதை மட்டும் இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அன்றே அக்கா எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். குறைந்த ஒன்பதாயிரம் வீட்டுக் காசிலிருந்து போயிருந்தது, அதைத் தன் கமிஷனிலிருந்து இரண்டு மாதத்தில் அடைத்தார். அந்த இரண்டு மாதம் என் சம்பளம் பாதியாக இருக்கட்டும் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்றவர், மறு வாரம், சரி என்றார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆடி பிறந்து சில நாள் கழித்து வேதவதி மாமியிடமிருந்து போன். புது எண். வங்கிக்குப் போக வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார். அக்கா ஸ்ரீரங்கத்துக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். மாமி ஒரு சின்ன போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளை வாசலில் நின்றார். எண்ணை மாற்றினால் பழைய எண்ணுக்கு ஒரு செய்தி போகும் மாமி, மகனுக்குத் தெரிந்துவிடும் என்றேன். முந்தின நாளே சொல்லிவிட்டேன் என்றார்.

"என்ன சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

"'ஏம்மா எங்கிட்ட சொல்லலை'ன்னான். 'நீ கேக்கலையேடா'ன்னேன். அப்புறம் அந்த ரூமை வந்து பார்த்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் போடணும்னான்."

படிவத்தை மாமியே நிரப்பினார். ஒரு இடத்தில்கூட என்னைக் கேட்கவில்லை. அந்த வாரமே அவருடைய பொடிகளைத் திரும்ப ஏற்றினேன். முதல் ஆர்டர் நானூறு ரூபாய்க்கு வந்தது. இரண்டு நாளில் முந்நூற்று நாற்பது அவர் கணக்குக்குப் போனது. செய்தி வந்த ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று போனின் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறார்.

புரட்டாசியில் ஒரு நாள் பார்சல் எடுக்க அந்த அறைக்குப் போயிருந்தோம். மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. மூவருக்கும் கண் எரிந்தது. டப்பாக்களை எண்ணிக்கொண்டே, பழைய பழக்கத்தில் அக்கா கேட்டுவிட்டார்.

"மாமி, இப்ப எவ்வளவு சேந்திருக்கு?"

"அது எதுக்கு உனக்கு?" என்றார் மாமி, கரண்டியை நிறுத்தாமல்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு டப்பா சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.